அம்மம்மாவின் பதினான்கு சீட்டுகள்: காலியிலிருந்து மட்டக்களப்புக்கு

முதல் நாள், வியாழன், காலி

அம்மம்மா காலமாகி மூன்று மாதம் கழித்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில் வேதாகமம். அதற்குள் பதினான்கு சிறிய சீட்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையளவு. ஒரு வேதவசனம், அம்மம்மாவின் பெயர், ஆண்டு, கீழே ஒரு கையெழுத்து. மெதடிஸ்த திருச்சபையின் அங்கத்துவச் சீட்டுகள் அவை. ஆண்டு வேறு வேறு, ஆனால் பதினான்கிலும் கையெழுத்து ஒரே ஆளுடையது. போதகருடையதாக இருக்க வாய்ப்பில்லை. மெதடிஸ்த போதகர்கள் ஒரே இடத்தில் அத்தனை காலம் இருப்பதில்லை, சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அப்படியானால் இந்தக் கையெழுத்து யாருடையது?

அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். அம்மம்மாவின் ஊரான மட்டக்களப்புக்குப் பள்ளி விடுமுறையில் போய் வந்ததோடு சரி. அந்தச் சபையின் கதையை முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இந்தச் சீட்டுகளால்தான் வந்தது. அது தொடங்கிய இடம் காலி என்பதால் முதலில் இங்கே வந்தேன்.

மாலையில் கோட்டை மதிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1814 ஜூன் 29 அன்று இந்தக் கடற்கரையில்தான் வெஸ்லியன் மிஷனரிமார், அதாவது மெதடிஸ்த போதகர்கள், வந்து இறங்கினார்கள். அவர்களை அழைத்துவந்த தலைவர் கூடவே இறங்கவில்லை. தோமஸ் கோக் என்ற அந்த மனிதர் 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து இளம் போதகர்களுடன் புறப்பட்டபோது அவருக்கு 66 வயது. அதற்கு முன்பே அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பதினெட்டு முறை கடந்தவர். பயணச் செலவுக்குச் சபை தயங்கியபோது தன் சொந்தப் பணத்தைத் தர முன்வந்தவர். ‘ஐரோப்பாவுக்கு நான் இறந்துவிட்டேன், இந்தியாவுக்காக உயிரோடிருக்கிறேன்’ என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். 1814 மே 3 காலையில் கப்பலில் அவருடைய அறைக் கதவைத் திறந்தவர்கள் அவர் தரையில் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். அன்று மாலையே உடலைக் கடலில் இறக்கினார்கள்.

இலங்கையைக் கண்ணால் பார்க்காமலே போனவர் அவர். பின்னால் நின்ற இளைஞர்களுக்குக் கையில் பணமில்லை, தெரிந்த ஆளில்லை, மொழியும் தெரியாது. பம்பாயில் இறங்கி, அங்கே ஒரு வணிகர் உதவியதால்தான் காலி வரை வந்து சேர முடிந்தது.

கோட்டைக்குள்ளிருக்கும் ஒல்லாந்தர் தேவாலயத்துக்கும் போனேன். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். அது 1755இல் கட்டி முடிந்த கோவில், ஆகவே இவர்கள் வந்தபோதே பழையது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்த நாட்டுக்குத்தான் இவர்கள் வந்தார்கள். வெறும் நிலத்தில் விதைத்தவர்கள் என்று ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது சரியல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூலை 11 அன்று இந்த ஊரில் ஐந்து பேரும் கூடி, யார் எங்கே போவது என்று வாக்கெடுத்துத் தீர்மானித்தார்கள். கிளவ் காலிக்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு. மட்டக்களப்புக்கு வில்லியம் ஓல்ட், தனியாக.

கடற்பயணத்தில் பெப்ரவரி மாதமே தன் மனைவியைக் கடலில் அடக்கம் செய்துவிட்டு வந்தவர் ஓல்ட். அவரைத்தான் தூரத்துக் கிழக்குக் கரைக்குத் தனியாக அனுப்பினார்கள். மதிலில் இருந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், வெள்ளி, பஸ்ஸில்

ஓல்ட் தோணியில் கடல் வழியாகப் போனார். நான் தரை வழி. காலியிலிருந்து மாத்தறை, அப்புறம் மொனராகலை, அம்பாறை. மூன்று பஸ் மாறினேன். இடுப்பு முறிந்துவிட்டது. அம்பாறையிலிருந்து சம்மாந்துறை வயல்களைக் கடந்து காரைதீவுச் சந்திக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். 1892இல் மயில்வாகனமாகப் பிறந்தவர், பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் துறவியானவர், யாழ் நூல் செய்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவர் சிறுவயதில் ஆங்கிலம் படித்தது பக்கத்துக் கல்முனையின் மெதடிஸ்த பாடசாலையில். இந்தத் திருச்சபையின் பள்ளிகளிலிருந்து கிறிஸ்தவர்கள் மட்டும் வெளிவரவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்காக வந்தார்கள், படித்தார்கள், பெரும்பாலானோர் சைவராகவும் முஸ்லிமாகவுமே வீடு திரும்பினார்கள். சபை சிறிதாகவும் பள்ளிகள் பெரிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஞானஸ்நானக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தோல்வி போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கல்லாறு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி எல்லாம் இருட்டில் கடந்தன. கல்லடியில் பெரியம்மா பஸ் நிலையத்திலேயே காத்திருந்தார். “வா புள்ள, மெலிஞ்சு போனாய்” என்றவர் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிட்டும் மீன் குழம்பும். இன்று இவ்வளவுதான் எழுத முடியும்.

மூன்றாம் நாள், சனி, புளியந்தீவு

மட்டக்களப்பின் பழைய நகரம் ஒரு தீவு. வாவி சுற்றி வளைத்திருக்கிறது, பாலங்களால்தான் கரையோடு சேர்ந்திருக்கிறது. போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை இன்னும் வாவியோரத்தில் நிற்கிறது. பக்கத்தில் காந்தி பூங்கா. அங்கே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும் பழைய வாசலை ஊரார் மட்டக்களப்பு வாசல் என்கிறார்கள். ஓல்ட் வந்து இறங்கிய துறை இதுதான்.

வாசலின் நிழலில் நின்று பார்த்தேன். எதிரே வாவி அசையாமல் கிடந்தது. ஒரு தோணி, ஒரு வலை, இரண்டு நீர்க்காகம். 1814 ஓகஸ்டில் அந்த மனிதர் கண்டதும் ஏறக்குறைய இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இங்கே இருந்தது சுமார் எட்டு மாதம். தமிழ் படித்தார், பள்ளிகள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 அன்று காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குச் சரியாக முப்பது நாள் முன்பு, மார்ச் 2 அன்று, கண்டியில் கடைசி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போயிருந்தது. நாட்டின் வரலாற்றில் அந்த ஒப்பந்தம் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்தத் தீவில் ஒரு மனிதர் காய்ச்சலில் கிடந்தது சின்ன எழுத்தில்.

அவர் தொடங்கிய பள்ளியின் வழி வந்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. தன் தொடக்கத்தை 1814 என்று எழுதுகிறது. இலங்கையின் மிகப் பழைய பாடசாலைகளில் ஒன்று. பெண்களுக்கான வின்சன்ட் மகளிர் பாடசாலையின் தொடக்கம் 1820. பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்று எல்லோரும் கேட்ட காலத்தில் அது. அம்மம்மா படித்ததும் வின்சன்ட்டில்தான். அவருடைய அழகான சாய்ந்த கையெழுத்து அங்கே கிடைத்தது.

இதற்குப் பின்னால் அரசாங்கத்தின் கணக்கும் இருந்தது. அப்போதைய ஆளுநர் பிரவுன்றிக் மிஷனரிமாரை வரவேற்று, ஆங்கிலப் பள்ளி நடத்த மாதப்படி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆட்சிக்கு ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர் தேவைப்பட்டார்கள். இவர்களுக்கோ பள்ளி ஒரு வாசல். நோக்கம் இரண்டு, கட்டடம் ஒன்று. இதை மறைக்காமல் சொல்வதால் அம்மம்மாவின் சபைக்கு ஒரு குறைவும் வராது.

ஆனால் இன்று பூங்காவிலிருந்து திரும்பும்போது என்னை வாட்டிய கேள்வி வேறு. தொடங்கியவர் எட்டு மாதத்தில் போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் காய்ச்சலாலோ மாற்றலாலோ போனவர்கள்தான். அப்படியானால் இருநூறு வருடத்துக்கு மேலாக இந்தச் சபையைக் கையில் வைத்திருந்தது யார்?

நான்காம் நாள், ஞாயிறு, ஆராதனை

காலை ஆராதனைக்குப் பெரியம்மாவுடன் போனேன். முன் வரிசைகளில் முதியவர்கள், பின்னால் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள், யன்னலோரத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய். கீர்த்தனை தொடங்கியதும் பக்கத்திலிருந்த வயதானவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணத்தையும் பாடினார்.

வேதபாடம் வாசிக்கப்பட்டபோது மனம் எங்கோ போனது. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றில் வெஸ்லியன் மிஷனுக்கும் ஒரு பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் அதன் மத்திய பாடசாலையை நடத்திய பீற்றர் பெர்சிவல், அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான ஓர் இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கினார். அந்த இளைஞர்தான் ஆறுமுக நாவலர். வேலை முடிந்த பின் நாவலர் மிஷனை விட்டு விலகி, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சபைகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1871இல் வந்த போவரின் பதிப்புத்தான் வீடுகளில் நிலைத்தது, அம்மம்மாவின் பெட்டியில் இருந்ததும் அதுதான். சைவத்தின் காவலர் என்று நாம் அறிந்த நாவலரின் கை ஒருகாலத்தில் சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் திருத்திக்கொண்டிருந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு.

ஆராதனை முடிந்ததும் பெரியம்மா என்னைச் சபையின் மூத்தவர் ஒருவரிடம் கூட்டிப்போனார். பழைய பதிவேடுகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர். எண்பதைத் தாண்டியிருப்பார். “ஒள்ளுப்பம் இருங்க புள்ள, தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா பாப்பம்” என்றார். ‘பிறகு’ என்பதற்குச் சொல்லும் ‘மறுகா’ என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மாவே பேசுவது போலிருந்தது. மட்டக்களப்பில் தவிர வேறெங்கும் நான் அதைக் கேட்டதில்லை.

சீட்டுகளை மேசையில் பரப்பினேன். அவர் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“இது மாஸ்டர்ர கையெழுத்து.”

மாஸ்டர் ஒரு தமிழ்ப் பாடசாலை ஆசிரியராம். போதகரல்ல, குருப்பட்டம் எதுவும் இல்லை. இந்தச் சபையில் ஒரு வகுப்பின் தலைவர். வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பில்லை. மெதடிஸ்தர்களுடைய ஒரு பழைய ஏற்பாடு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் சங்கத்துக்குக் கட்டடக் கடன் ஏறிவிட்டது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்துக் கடனை அடைப்போம் என்று கூட்டத்தில் பேசினார்கள். பலரால் அதுவும் முடியாது என்று ஒருவர் சொன்னார். கூட்டத்திலிருந்த ஒரு கப்பல் தலைவர் எழுந்து, மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே தருகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். காசு வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலைமையைக் கண்டார்கள். நோய், குடி, சண்டை, பசி எல்லாம் தெரியவந்தது. பணம் தண்டும் ஏற்பாடு மெல்ல மெல்ல மனிதரை விசாரிக்கும் ஏற்பாடாக மாறியது. வெஸ்லியின் காலத்தில் வகுப்பில் இருப்பவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு சீட்டு. அந்த வழக்கம்தான் கடல் கடந்து வாவிக்கரை வரை வந்திருக்கிறது.

ஒவ்வொரு கிழமையும் மாஸ்டர் சைக்கிளில் வருவாராம். சந்தாக் காசை ஒரு கொப்பியில் குறிப்பார். அதைவிட அதிக நேரம் திண்ணையில் இருந்து பேசுவார். யாருக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளை பரீட்சைக்குப் போகவில்லை, யார் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று அவருக்கே தெரியும். 1978 நவம்பர் சூறாவளியில் ஊரே கூரை இழந்து கிடந்தது. மறுநாள் விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி மாஸ்டர் நடந்தே வந்தார் என்று மூத்தவர் சொன்னார். சைக்கிள் ஓட்ட வழியில்லை. கையில் அதே கொப்பி. அன்றைக்குக் காசு கேட்கவில்லை, பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாராம்.

யுத்த காலத்தில் அந்தக் கொப்பி இன்னும் கனத்தது. ஆராதனைக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று தேடிப்போவது ஆபத்தான வேலையாக இருந்த வருடங்கள் அவை. மாஸ்டர் போனார். மூத்தவர் இதைச் சொல்லும்போது குரல் தடுமாறியது, நான் மேலே கேட்கவில்லை.

மிஷனரிமாரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. ஓல்டுக்குச் சிலையும் உண்டு. அவர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ரால்ப் ஸ்டொட் என்ற போதகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் தமிழ் கற்று, 1840களில் காட்டுக்குள் போய் இலங்கையின் பழங்குடியினரான வேடர் மத்தியில் வேலை செய்தவர். பிறகு முதிய வயதில் 1862இல் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்குப் போய், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களிடம் அதே தமிழில் பேசினார். இந்த வாவிக்கரைத் தமிழ் டர்பன் வரை போயிருக்கிறது! ஆனால் ஸ்டொட் போனார், அவருக்குப் பின் வந்தவர்களும் போனார்கள். 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை பிரித்தானியாவிலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றதும் போதகர்கள் நம்மவர்களாகவே ஆனார்கள், மாற்றல் மட்டும் நிற்கவில்லை. போகாமல் ஊரிலேயே இருந்தவர்கள் மாஸ்டர் போன்றவர்கள்தான். நேற்றுப் பூங்காவில் கேட்ட கேள்விக்கு இன்று எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதிவேட்டையும் காட்டினார். ஞானஸ்நானப் பதிவு. தேதி, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், இருப்பிடம், தகப்பனின் தொழில், போதகரின் ஒப்பம். மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. சில பக்கங்களில் கறையான் பாதையிட்டிருந்தது. அம்மம்மாவின் வரியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தகப்பன் பெயர் முழுசாக இருந்தது, தொழிலும் இருந்தது. தாயின் பெயருக்கான இடத்தில் ஒரு வேதாகமப் பெயர் மட்டும். அம்மம்மாவின் தாயான பூட்டியை வீட்டில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதே கிடையாது. நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அம்மம்மா சொல்லிச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள், திங்கள், கல்லடி

விடிய முன்பே எழுந்து பெரியம்மாவுடன் கல்லடிப் பாலத்துக்கு நடந்தேன். 1924இல் ஆளுநர் மனைவி மானிங் அம்மையார் பெயரில் திறந்த பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பௌர்ணமி இரவில் இந்தப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். அம்மம்மா கேட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது.

பாலத்தில் நின்று பெரியம்மா சுனாமியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். பெரியம்மாவும் அம்மம்மாவும் காலை ஆராதனைக்காகப் பாலம் கடந்து புளியந்தீவுக்குப் போயிருந்தார்கள். கடலோரத்தில் வீடு. திரும்பி வந்தபோது சுவர்களில் பாதி இல்லை. தகரப் பெட்டி பின்வளவில் முள்வேலியில் மாட்டிக் கிடந்தது. மூடி இறுகியிருந்ததால் உள்ளே ஈரம் ஏறவில்லை. அன்று ஆராதனைக்கு வராமல் வீட்டில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். நாங்கள் பேசாமல் திரும்பி நடந்தோம்.

பத்து மணிக்கு மூத்தவர் வீட்டுக்குப் போனேன். சீட்டுகளில் ஒன்றைச் சபையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாஸ்டரின் கையெழுத்துள்ள தாள் அவர்களிடம் வேறில்லை, சூறாவளியில் போனது போக மிச்சத்தைக் கறையான் தின்றுவிட்டது. அவர் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் செருகினார். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்தார். பழைய பதிவேட்டில் விட்டுப்போனவற்றைப் பக்க எண்ணோடு எழுதிவைக்கும் கொப்பி. மூலப் பதிவில் யாரும் கை வைக்கக் கூடாது, ஆனால் இதில் எழுதலாம் என்றார். இதுவரை பதினொரு பக்கம் நிறைந்திருக்கிறது, எழுதியவர்கள் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள்.

“உங்கட பூட்டிர பேர் என்ன புள்ள? நீங்களே எழுதுங்க, எனக்குக் கை நடுங்குது.”

அவருடைய பேனாவை வாங்கி, பக்க எண்ணையும் அம்மம்மாவின் பெயரையும் முதலில் எழுதினேன். அதற்கு நேரே தாயார் என்று போட்டு, பூட்டியின் பெயரைத் தமிழில் முழுசாக எழுதினேன். அவர் ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்து, மை காயும் வரை கொப்பியை மூடாமல் வைத்திருந்தார்.